மேடுபள்ளமான பூங்காவில் முதல் ஓரியன்டீரிங் போட்டி: பன்னிரண்டு வயது மகளை எப்படித் தயார் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பன்னிரண்டு வயதாகும் உங்கள் மகள், பள்ளிக் குழுவுடன் வட லண்டனில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் நடைபெறும் இளையோர் ஓரியன்டீரிங் போட்டிக்குச் செல்லவிருக்கிறாள். வரைபடத்தில் குறித்த இடங்களை வரிசையாகத் தேடிப்பிடித்து ஓடும் விளையாட்டு இது; அந்த வரிசையைத்தான் தடம் என்கிறோம். நன்றாக ஓடக்கூடியவள், ஆனால் வரைபடம் பார்த்து நடந்த பழக்கம் இல்லை. மூன்று வாரங்கள் இருக்கின்றன. எந்தத் திசைகாட்டியை வாங்குவது, ஓட்டப் பயிற்சியை எவ்வளவு கூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "அவ்வளவு பெரிய இடத்தில் தனியாகத்தான் விடுவார்களா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுவதால், அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு திசைகாட்டிக்கும் ஓட்டத்துக்கும் வருகிறேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை, வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் ஓடும் கோடுகளைப் படிக்கும் பழக்கத்தை, நீங்கள் கேட்கவே இல்லை. இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் லண்டனில் ஓர் ஓரியன்டீரிங் கழகத்தில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தும், போட்டிகளுக்குத் தடம் அமைத்தும் வருகிறேன். விதிகள், வரைபடக் குறிகள், போட்டி நாள் நடைமுறை ஆகியவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். எந்தப் பயிற்சி எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்த இடங்களில் என்னுடைய அபிப்பிராயம் என்று சொல்லியே எழுதுகிறேன். உங்கள் மகள் ஓடி நான் பார்த்ததில்லை. மேலும், போட்டிக்கு முன் அமைப்பாளர் அனுப்பும் இறுதி அறிவிப்பில் நான் சொல்வதற்கு மாறாக ஏதாவது இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

ஆம், தனியாகத்தான் ஓடுவாள். ஒரே தடத்தில் ஓடுகிறவர்களை ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவது இந்த விளையாட்டின் வழக்கம். தொடக்க நிலைத் தடங்களில் பெரியவர் ஒருவர் கூடவே செல்வதைப் பல போட்டிகளில் தடுப்பதில்லை. ஆனால் அப்படிச் சென்றால் அந்தப் பிள்ளையின் நேரம் போட்டிக் கணக்கில் சேராது. பாதுகாப்புக்கு அடிப்படையாக இருப்பது ஓர் எளிய கணக்கு: யார் யார் புறப்பட்டார்கள், யார் யார் திரும்பினார்கள் என்பதை அமைப்பாளர்கள் பெயர் பெயராக ஒப்பிடுகிறார்கள், தடம் மூடும் நேரத்துக்குப் பிறகும் திரும்பாதவரைத் தேடிச் செல்கிறார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்லித்தர வேண்டிய விதி ஒன்று உண்டு. முழுத் தடத்தையும் முடித்தாலும், பாதியில் விட்டுவிட்டாலும், அழுதுகொண்டே வந்தாலும், முடிவிடத்துக்குச் சென்று, போட்டியின்போது தன் வருகையைப் பதியும் மின்னணுக் குச்சியைக் கணினிப் பெட்டியில் பதிவிறக்கம் செய்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் நேரே அம்மாவிடமோ ஆசிரியரிடமோ வந்துவிட்ட பிள்ளைக்காகப் பெரியவர்கள் பலர் இருட்டும்வரை புதர் புதராகத் தேட நேரும்.

ஹீத் ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ளது. நான்கு பக்கமும் நகரம் சூழ்ந்தது. எந்தத் திசையில் நடந்தாலும் நெடுநேரம் ஆகுமுன் ஒரு தெருவோ வீட்டு வரிசையோ வந்துவிடும். சுவீடனின் காட்டில் தொலைவதைப் போன்ற தொலைவு இங்கே கிடையாது. உண்மையான ஆபத்துகள் வேறு: பூங்காவை ஊடறுத்தும் ஒட்டியும் செல்லும் வாகனச் சாலைகள், குளங்கள், ஈரமான மரவேர்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் தடம் போக்குவரத்து மிகுந்த சாலையைக் கடக்காதவாறு அமைப்பதே வழக்கம். ஆசிரியரிடம் எதையேனும் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால், "தடம் சாலையைக் கடக்கிறதா, கடந்தால் அங்கே யார் நிற்பார்கள்?" என்று கேளுங்கள். அது பொருத்தமான கேள்வி. யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எந்தத் தடத்தில் அவளைப் பதிவு செய்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் தடங்களுக்கு நிறத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தடம் முழுக்கப் பாதைகளின் வழியே செல்லும், பாதைகள் பிரியும் இடமெல்லாம் ஒரு கன்ட்ரோல், அதாவது தேடிப் போய்ப் பதிவு செய்ய வேண்டிய இடம், இருக்கும், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது. மஞ்சள் தடமும் பாதை, வேலி, ஓடை போன்ற தெளிவான கோடுகளைப் பின்பற்றியே போகும். ஆனால் சில சந்திப்புகளில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். ஆரஞ்சுத் தடத்தில் கன்ட்ரோல் பாதையிலிருந்து சற்று விலகியிருக்கும். குறுக்கே வெட்டிச் செல்லலாமா, சுற்றிப் போகலாமா என்ற தேர்வு வரும். அதற்கு மேல் இளம்பச்சை, பச்சை, நீலம், பழுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். வரைபடமே பிடித்திராத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள்தான் சரி என்பது என் அபிப்பிராயம். நன்றாக ஓடுகிறாளே என்பதற்காக ஆரஞ்சில் போடும் பள்ளிகள் உண்டு; அதைத் தவறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வேகமான கால்கள் தவறான திசையிலும் வேகமாகவே போகும். வயதுப் பிரிவு அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று நிறையும் வயதைக் கொண்டே பொதுவாகக் கணக்கிடப்படும். பள்ளிப் போட்டிகளில் பள்ளி வகுப்பைக் கொண்டு பிரிப்பதும் உண்டு என்பதால், பிறந்த நாளை வைத்து நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

இனி வரைபடம். ஓரியன்டீரிங் வரைபடம் சாலை வரைபடத்திலிருந்தும் கைபேசி வரைபடத்திலிருந்தும் முற்றிலும் வேறானது. முதன்முறை அதைப் பார்க்கும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்: வெள்ளையாக விடப்பட்டிருக்கும் பகுதியைத் திறந்த வெளி என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வரைபடத்தில் வெள்ளை என்பது மரங்கள் நிறைந்த, ஆனால் இடையே தடையின்றி ஓடக்கூடிய காடு. திறந்த புல்வெளிதான் மஞ்சள். செடிகொடிகள் அடர்ந்து வேகம் குறையும் இடம் பச்சை. பச்சை எவ்வளவு அடர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே நுழைவது கடினம். நீர் நீலம்; பாதை, கட்டடம், வேலி, பாறை ஆகியவை கருப்பு; நிலத்தின் மேடுபள்ளம் பழுப்பு. நுழையக் கூடாத தனியார் தோட்டம் போன்ற இடங்கள் மங்கிய ஆலிவ் பச்சை. அதற்குள் கால் வைத்தால் தகுதி நீக்கம். இவற்றின் மேல் ஊதா நிறத்தில் தடம் அச்சிடப்பட்டிருக்கும்: முக்கோணம் புறப்படும் இடம், எண்ணிட்ட வட்டங்கள் கன்ட்ரோல்கள், இரட்டை வட்டம் முடிவிடம். தேடும் பொருள் வட்டத்தின் சரியான நடுவில் இருக்கும்; வட்டத்துக்குள் வேறு எது இருந்தாலும் கவனிக்க வேண்டியதில்லை.

அளவு விகிதமும் பிள்ளைகளை ஏமாற்றும். பூங்கா வரைபடங்கள் பெரும்பாலும் 1:5000 அல்லது 1:7500 விகிதத்தில் வரும். காட்டு வரைபடம் 1:10000. முதல் வகையில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 50 மீட்டர், கடைசி வகையில் 100 மீட்டர். ஒன்றில் பயிற்சி செய்துவிட்டு மற்றொன்றில் ஓடினால் எல்லாமே எதிர்பார்த்ததற்கு முன்பாகவோ மிகத் தாமதமாகவோ வரும். போட்டி வரைபடத்தின் விகிதம் இறுதி அறிவிப்பில் இருக்கும். அதே விகிதத்தில் ஒரு பழைய வரைபடத்தைக் கழகத்திடம் கேட்டு வாங்கிப் பழகுவது நல்லது.

இப்போது பழுப்புக் கோடுகளுக்கு வருகிறேன். ஹீத் போன்ற பூங்காவில் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. வரைபடத்தில் இருக்கும் பாதைகள் போக, மக்களும் நாய்களும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் எங்கும் உண்டு. அவற்றில் சில வரைபடம் வரைந்த பிறகு தோன்றியவை, சில வரைபடத்தில் இருந்தும் கோடைப் புல்லில் மறைந்துபோனவை. "மூன்றாவது பாதையில் இடப்பக்கம் திரும்பு" என்று மனத்தில் எண்ணிக்கொண்டு ஓடும் பிள்ளை, நடுவில் கணக்கில் இல்லாத ஒரு ஒற்றையடிப் பாதை குறுக்கிட்டால் அந்த நொடியிலிருந்தே தவறான இடத்தில் இருக்கிறாள். அதை அவள் உணர ஐந்து நிமிடம் ஆகும். பாதைகள் இப்படி மாறினாலும் நிலத்தின் சரிவு மாறுவதில்லை. "பாதை மேலேறிப் போய், முகட்டில் திரும்பி, அங்கிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் கன்ட்ரோல்" என்று புரிந்துகொண்டு ஓடும் பிள்ளைக்கு, குறுக்கே எத்தனை பாதைகள் வந்தாலும் கவலையில்லை. பூங்கா எளிது, காடுதான் கடினம் என்ற பொது எண்ணத்தை நான் ஏற்பதில்லை. தொடக்கநிலைப் பிள்ளைக்குப் பாதைகள் குறைந்த காடு பல வேளைகளில் தெளிவாகவே இருக்கும்; பாதைகள் மலிந்த மேட்டுப் பூங்காதான் குழப்பும்.

ஹீத்தின் நிலம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் வரைபடம் சட்டென்று புரியும். வடக்கே உயர்ந்த முகட்டில் மணல் படிவு; அதன் கீழே மணலும் களிமண்ணும் கலந்த அடுக்கு; அதற்கும் கீழே நீரை உட்செலுத்தாத லண்டன் களிமண். மழைநீர் மணலுக்குள் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிந்து வெளியேறுகிறது. அதனால் மேட்டில் காலடி உலர்ந்திருக்கும். சரிவின் நடுவில் திடீரென்று சேறு தொடங்கும். அந்த ஊற்றுகள் அரித்த பள்ளங்கள் தெற்கு நோக்கி இறங்கும். ஃப்ளீட் ஆற்றின் தலைநீர்கள் இவைதாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நகரத்துக்குக் குடிநீர் சேமிப்பதற்காக இவற்றை மறித்துக் கட்டியதால்தான் கிழக்கே ஹைகேட் குளங்களும் மேற்கே ஹாம்ப்ஸ்டெட் குளங்களும் இரண்டு சங்கிலிகளாக அமைந்தன. இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவே 98 மீட்டர் உயரத்தில் நிற்பது பார்லிமென்ட் ஹில். ஆகப் பெருங்குழப்பத்திலும் உங்கள் மகள் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி இது: நான் எந்தக் குளவரிசையின் பக்கமாகச் சரியும் நிலத்தில் நிற்கிறேன்? தரை கிழக்கே சரிந்தால் ஹைகேட் பக்கம், மேற்கே சரிந்தால் மற்றப் பக்கம். அவ்வளவு தெரிந்தாலே தேடும் பரப்பு பாதியாகிவிடும்.

வடமேற்கே சாலைக்கு அப்பால் இருக்கும் சாண்டி ஹீத் பகுதியின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பெருமளவு மணல் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குழிகளும் இடையில் விட்ட திட்டுகளும் இன்று மரம் மூடிக் கிடக்கின்றன. வரைபடத்தில் அந்த இடம் பழுப்புக் கோடுகள் சுருண்டு நெளிந்து தலைசுற்றும் தோற்றம் தரும். மஞ்சள் தடத்தில் ஓடும் பிள்ளையை அங்கே அனுப்பமாட்டார்கள். பெரிய பிள்ளைகளின் தடங்கள் அங்கே போவதைப் பார்த்து அவள் மிரள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பழுப்புக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைச் சொல்லித்தர நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். பிள்ளையைக் கைமுட்டியை இறுக்கி மூடச் சொல்லி, விரல் மூட்டுகளைச் சுற்றிப் பேனாவால் ஒரே உயரத்தில் வளையங்கள் வரையுங்கள். பிறகு கையை விரித்துத் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். மூட்டுகளின் உச்சியில் சிறு வளையங்கள், அவற்றின் இடையே கோடுகள் உள்வாங்கும் பள்ளங்கள், செங்குத்தான பக்கத்தில் நெருங்கிய கோடுகள், சாய்வான பக்கத்தில் விலகிய கோடுகள் எல்லாம் தோலிலேயே தெரியும். பூங்கா வரைபடங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு பெரும்பாலும் 2.5 மீட்டர் அல்லது 5 மீட்டர். அது வரைபடத்தின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 2.5 மீட்டர் என்பது ஒரு மாடி வீட்டின் கூரையைவிடத் தாழ்வு. ஆகவே நான்கைந்து கோடுகளைப் பார்த்து மலை என்று அஞ்ச வேண்டியதில்லை. கோடுகள் மேட்டை நோக்கி வளைந்தால் அது பள்ளம். இறக்கத்தை நோக்கிப் பிதுங்கினால் அது மேட்டின் மூக்கு. இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட பிள்ளை ஆரஞ்சுத் தடத்துக்குப் பாதித் தகுதி பெற்றுவிட்டாள் என்பேன்.

மேடுபள்ளம் இன்னொரு கேள்வியையும் எழுப்பும்: ஏறி இறங்கிப் போவதா, சுற்றிப் போவதா? 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி, மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொன்னார். அதை மீட்டரில் சுருக்கினால், ஒரு மீட்டர் ஏறுவது ஏறத்தாழ எட்டு மீட்டர் சமதரையில் போவதற்குச் சமம். ஓரியன்டீரிங்காரர்கள் மனக்கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பத்து மீட்டர் என்றே வைத்துக்கொள்வார்கள். குன்றின் மேலே நேர்வழி 350 மீட்டர், அதில் 20 மீட்டர் ஏற்றம். சுற்றுவழி 500 மீட்டர், ஏற்றமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் பெருக்கினாலும் நேர்வழி 510 ஆகிறது. பத்தால் பெருக்கினால் 550. எப்படியும் சுற்றுவதே நல்லது, மூச்சும் மிஞ்சும். இந்தக் கணக்கு நடப்பவரை வைத்துச் செய்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓடும்போது அதே விகிதம் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது, தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் உறுதி: மூச்சிரைக்க மேட்டின் உச்சிக்கு வந்த பிள்ளை அங்கே வரைபடத்தைச் சரியாகப் படிக்கமாட்டாள். அதனால் ஏற்றத்தில் நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்போதே அடுத்த கட்டத்தை வரைபடத்தில் பார்த்துவைக்கட்டும்.

திசைகாட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். இன்று நாம் பயன்படுத்தும், ஒளி ஊடுருவும் தகட்டின் மேல் ஊசி சுழலும் வகை 1930களில் சுவீடனில் உருவானது. ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் குன்னார் டிலாண்டர் என்பவரும் உருவாக்கிய அது சில்வா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த யான் ஷெல்ஸ்ட்ரோம் பிரிட்டனில் இந்த விளையாட்டு வேரூன்ற உழைத்து, 1967இல் சாலை விபத்தில் இறந்தார். ஈஸ்டர் விடுமுறையில் இங்கே நடக்கும் மிகப் பெரிய போட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். மஞ்சள் தடத்துக்குத் திசைகாட்டி கட்டாயத் தேவை இல்லை என்பது பலரும் ஒப்புக்கொள்வது. அதை முதலிலிருந்தே கையில் கொடுப்பதா, நிலத்தைப் பார்த்து வரைபடத்தைத் திருப்பப் பழகிய பிறகு கொடுப்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் முதல் நாளிலிருந்தே கொடுப்பவன். ஆனால் ஒரே ஒரு வேலைக்காக. சிவப்பு ஊசியின் முனையும் வரைபடத்தில் கீழிருந்து மேலாக ஓடும் வடக்குக் கோடுகளும் ஒரே திசையைக் காட்டும்வரை பிள்ளை வரைபடத்தைத் திருப்ப வேண்டும், அதோடு சரி. கோணம் வைப்பது, டிகிரி பார்ப்பது எதுவும் இப்போது வேண்டாம். இந்த வரைபடங்கள் காந்த வடக்கை வைத்தே வரையப்படுவதால் எந்தத் திருத்தமும் தேவைப்படாது. கழகத்தில் இரவலாகக் கொடுப்பார்கள். வாங்குவதென்றால் விலை குறைந்த தகட்டு வகையே போதும். கட்டைவிரலில் மாட்டும் வகை பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைபேசியையும் திசைகாட்டியையும் ஒரே பையில் வைக்காதீர்கள். காந்தம் பட்டு ஊசி தலைகீழாகிவிடுவது உண்டு. ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனால் வழிகாண அதைப் பயன்படுத்துவது விதிமீறல். கைபேசியும் அப்படியே: அவசரத்துக்குப் பையில் இருக்கலாம், கையில் எடுக்கக் கூடாது.

ஓட்டப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று வாரத்தில் கால்களில் பெரிய மாற்றம் வராது, கண்களில் வரும். 1919 மார்ச் 25 அன்று ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நக்கா என்ற இடத்தில் எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ராணுவ மேஜர் நடத்திய போட்டியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதில் இளைஞர்களுக்கு ஆர்வம் குன்றிவிட்டதைக் கண்டு, ஓட்டத்தோடு வரைபடத்தையும் வழித்தேர்வையும் சேர்த்தால் வருவார்கள் என்று அவர் நினைத்ததன் விளைவு அது. யோசிக்க வைக்கும் விளையாட்டாகவே இது பிள்ளைகளுக்கென்று வளர்ந்தது. ஓடத் தெரிந்த உங்கள் மகள் அந்தப் பகுதியை மட்டும் கற்றால் போதும்.

முதல் வாரம் வீட்டுக்கருகில் உள்ள ஏதாவது ஒரு பூங்காவுக்கு வரைபடத்தோடு நடந்து போங்கள். வரைபடம் அவள் கையில் இருக்கட்டும்; நீங்கள் பின்னால் வாருங்கள், தவறான வழியில் திரும்பினாலும் வாயைத் திறக்காதீர்கள். பெற்றோருக்கு இதுதான் மிகக் கடினம். அவள் திரும்பும்போதெல்லாம் வரைபடத்தையும் திருப்ப வேண்டும், தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரல் நுனி இருக்க வேண்டும். நகர நகர விரலும் நகர வேண்டும். இரண்டாம் வாரம், ஓரியன்டீரிங் பயிற்சிக்கென்று நிரந்தரக் கம்பங்கள் நட்ட பூங்கா ஒன்றுக்குப் போங்கள். லண்டனிலும் சுற்றிலும் இத்தகைய பூங்காக்கள் பல உண்டு. ஒவ்வொரு கம்பத்துக்கும் போகும் முன் மூன்று விஷயங்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்: எந்தக் கோட்டைப் பிடித்துப் போகப்போகிறேன், வழியில் எது வரும், தாண்டிப் போய்விட்டால் எது என்னைத் தடுக்கும். இந்த மூன்றாவதைப் பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அதுதான் அவர்களை அரை கிலோமீட்டர் அப்பால் கொண்டுபோய் விடுகிறது. மூன்றாம் வாரம், கழகங்கள் வார இறுதியில் நடத்தும் சிறு போட்டி ஏதாவது கிடைத்தால் அதில் ஒருமுறை ஓடட்டும். ஹீத்திலேயே போய்ப் பயிற்சி செய்யலாமா என்று தோன்றும். பெரிய போட்டிகளில் அந்த இடத்தைப் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே மூடிவிடுவார்கள்; பள்ளிப் போட்டிக்கு அந்தத் தடை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

போட்டி நாளில் அவளுக்கு விரலில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் குச்சி ஒன்று தருவார்கள். டிப்பர் என்று அழைப்பார்கள். புறப்படும் முன் அதிலுள்ள பழைய பதிவுகளை அழிக்கும் பெட்டியிலும், அழிந்ததா என்று சரிபார்க்கும் பெட்டியிலும் நுழைக்க வேண்டும். பிறகு தொடக்கப் பெட்டி, ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ஒரு பெட்டி, கடைசியில் முடிவுப் பெட்டி. ஒவ்வொரு முறையும் பீப் ஒலியும் விளக்கும் வரும்வரை குச்சியை எடுக்கக் கூடாது. ஒலி வராவிட்டால் அங்கே தொங்கும் ஊசி அச்சால் வரைபடத்தில் உள்ள கட்டத்தில் துளையிட வேண்டும், அதுவே சான்று. கன்ட்ரோல்களை எண்வரிசைப்படியே தொட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டால், திரும்பி வந்து விட்டதைத் தொட்டு, அங்கிருந்து மீண்டும் வரிசையாகத் தொடரலாம். நேரம் போகும், தகுதி போகாது. பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் "எல்லாம் கெட்டுவிட்டது" என்று நின்றுவிடுகிறார்கள்.

கன்ட்ரோலைக் குறிக்கும் ஆரஞ்சும் வெள்ளையுமான துணிக்கூடு தெரிந்தவுடன் பாய்ந்து குச்சியை நுழைப்பதுதான் முதல்முறை ஓடுபவர்களைத் தகுதி நீக்கத்தில் தள்ளும் காரணங்களில் தலையாயது. ஒரே பூங்காவில் பல தடங்கள் ஓடுகின்றன. அருகருகே பல கூடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் குறியீட்டு எண் உண்டு. அவளிடம் உள்ள பட்டியலில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். வட்டத்தின் வரிசை எண்ணோடு குழம்பாதிருக்க இந்தக் குறியீடுகள் 31இலிருந்து தொடங்கும். தலைகீழாகப் பார்த்தால் வேறு எண்ணாகத் தோன்றும் 66, 68, 99 போன்றவற்றைப் பயன்படுத்துவதில்லை. இத்தனை கவனமாக விதி வகுத்தவர்கள் நிறையத் தவறுகளைப் பார்த்துத்தான் வகுத்திருப்பார்கள். அதே காரணத்தால், முன்னால் ஓடும் பிள்ளையைப் பின்தொடர்வதும் வீண். அவன் வேறு தடத்தில் ஓடுபவனாக இருக்கலாம், அல்லது அவனும் யாரையோ பின்தொடர்பவனாக இருக்கலாம்.

வழி தவறிவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். முதலில் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே யோசித்தால் தவறு பெருகும். வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி வைத்து, கடைசியாக எந்த இடத்தில் நிச்சயமாக இருந்தோம் என்று நினைவுகூர வேண்டும். தரை எந்தப் பக்கம் சரிகிறது, குளம் தெரிகிறதா, காடா வெளியா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் புரியாவிட்டால் வந்த வழியே அந்த நிச்சயமான இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வேறு போட்டியாளரிடம் வரைபடத்தைக் காட்டி "நாம் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்கலாம், தொடக்கநிலைப் பிள்ளை கேட்டால் பெரும்பாலும் நின்று காட்டுவார்கள். அடிபட்டால் விசில்: ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஆறு முறை. யாரேனும் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் தன் ஓட்டத்தை விட்டு உதவ வேண்டும் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

உடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிடிமானமுள்ள பழைய ஓட்டக் காலணி, முழுக்கால் உடை, விசில், மழைக்கு ஒரு மேலங்கி. புல்லிலும் புதரிலும் ஓடிய பிறகு முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். பிறகு தோலில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா மருந்து எடுப்பவளாக இருந்தால் அதை ஓட்டத்தில் எப்படிக் கொண்டுசெல்வது என்பதை மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் பேசிவிடுங்கள். அதில் நான் சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன்.

முடித்து வந்ததும் பதிவிறக்கும் இடத்தில் ஒரு சிறு அச்சுச் சீட்டு தருவார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் இடையே எடுத்த நேரம் அதில் இருக்கும். அன்று மாலை, நினைவு மங்கும் முன், அவள் உண்மையில் ஓடிய வழியை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கட்டத்தில் அதிக நேரம் போயிற்று, அங்கே தரை எப்படி இருந்தது, பழுப்புக் கோடுகள் அதைச் சொல்லியிருந்தனவா என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தில் நடந்ததை அவளே விளக்கிச் சொன்னால், அடுத்த போட்டியில் ஆரஞ்சில் பதிவு செய்யலாம். "தெரியவில்லை, எப்படியோ வந்துவிட்டேன்" என்றால், முதலிடமே பெற்றிருந்தாலும் இன்னொரு முறை மஞ்சளில் ஓடட்டும்.